ஜான் கீட்ஸ் லெட்டர்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீட்ஸோட கவிதைய காலேஜ்ல பாடமா படிச்சவங்க நிறைய பேரு இருக்கீங்க, ஆனா அவரோட லெட்டர்ஸ யாரும் கையில குடுத்திருக்க மாட்டாங்க. நான் பல வருஷமா அத திரும்பத் திரும்ப படிச்சிட்டு இருக்கேன். என்கிட்ட வர்ற கேள்விங்க பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கறதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கறேன்.

கீட்ஸ் யாரு, சுருக்கமா சொல்லுங்க?

இங்கிலீஷ் கவிஞர். 1795 அக்டோபர் 31-ல லண்டன்ல பிறந்தாரு, 1821 பிப்ரவரி 23-ல ரோம்ல டிபி வந்து இறந்துட்டாரு, வயசு 25. அப்பா குதிரை லாயம் நடத்தினவரு, 1804-ல குதிரைல இருந்து விழுந்து இறந்தாரு, அம்மா 1810-ல டிபில போனாங்க. அப்புறம் கார்டியன் பொறுப்புல வளர்ந்து, ஒரு டாக்டர்கிட்ட எடுபிடியா வேலை கத்துக்கிட்டு, லண்டன் கைஸ் ஹாஸ்பிடல்ல படிச்சு 1816-ல லைசென்ஸ் வாங்கினாரு. வாங்கின கையோட மருத்துவத்த விட்டுட்டு கவிதைக்கு வந்துட்டாரு. உயிரோட இருந்தப்போ வந்தது மொத்தமே மூணு புக்குதான், 1817, 1818, 1820.

லெட்டர்ஸ் எத்தன இருக்கு?

அவரு எழுதினதுல நமக்கு கிடைச்சது சுமார் 250. பெரும்பாலும் 1816 கடைசில இருந்து 1820 நவம்பர் வரைக்கும், அதாவது நாலு வருஷம்தான். கைக்கு வராம போனதும் நிறைய இருக்கும்.

யாருக்கு எழுதினாரு? ஃபேனினு ரெண்டு பேரு வர்றாங்களே, குழப்பமா இருக்கு.

இந்த குழப்பம் எல்லாருக்கும் வரும். ஃபேனி கீட்ஸ்ங்கறது அவரோட தங்கச்சி, 1803-ல பிறந்தவ. ஃபேனி பிரான் அவரு காதலிச்ச பொண்ணு, 1800-ல பிறந்தவங்க. தம்பிங்க ரெண்டு பேரு, ஜார்ஜும் டாமும். ஜார்ஜ் 1818-ல கல்யாணம் பண்ணின கையோட பொண்டாட்டி ஜார்ஜியானாவோட அமெரிக்கா போயிட்டான். டாம் அதே வருஷம் டிசம்பர் 1-ம் தேதி டிபில இறந்தான், கடைசி வரைக்கும் கூட இருந்து பாத்துக்கிட்டது கீட்ஸ்தான். ஃப்ரெண்ட்ஸ்ல ரெனால்ட்ஸ், பெய்லி, சார்லஸ் பிரவுன், டில்க், அப்புறம் வக்கீல் உட்ஹவுஸ். இந்த உட்ஹவுஸ மறக்கக்கூடாது, கீட்ஸ யாரும் பெருசா மதிக்காத காலத்துலயே இவரு பெரிய கவிஞரா வருவாருனு நம்பி கவிதை லெட்டர் எல்லாத்தையும் காப்பி எடுத்து சேத்து வச்ச மனுஷன்.

இந்த லெட்டர்ஸுக்கு அப்படி என்ன மதிப்பு? கவிதை போதாதா?

டி. எஸ். எலியட் 1933-ல வந்த தன்னோட புக்ல, ஒரு இங்கிலீஷ் கவிஞர் எழுதின லெட்டர்ஸ்லயே முக்கியமானது இதுதான்னு சொல்லியிருக்காரு. அது இருக்கட்டும், நான் என் காரணத்த சொல்றேன்.

கீட்ஸ் உக்காந்து கவிதைய பத்தி தனியா ஒரு கட்டுரை புக் எழுதல. அவரு கவிதைய பத்தி யோசிச்சதுல பெரும்பகுதி லெட்டர்லதான் இருக்கு, அதுவும் தனியா நிக்காது, நடுவுல வரும். தம்பிக்கு சளி எப்படி இருக்கு, நேத்து எந்த நாடகம் பாத்தேன், யாரு வீட்ல சாப்ட்டேன், காசு இன்னும் வரல, இப்படி போயிட்டே இருக்கறப்போ திடீர்னு நூறு வருஷத்துக்கு மத்தவங்க பேசப் போற ஒரு யோசனை வந்து விழும், அடுத்த வரில திரும்ப ஊர்க்கதை. நெட்ல அந்த ஒரு வரிய மட்டும் கத்தரிச்சு பூ படம் போட்டு சுத்த விடறாங்க, அத பாத்து கீட்ஸ் ஏதோ மேடைல நின்னு பேசினாருனு நினைச்சுக்கறோம். அவரு பேசினது டாம்கிட்டயும் ஜார்ஜ்கிட்டயும். யாருகிட்ட எந்த நிலமைல சொன்னாருங்கறத எடுத்துட்டா அந்த வரில பாதி போயிடுது. என்கிட்ட யாரு கேட்டாலும் நான் சொல்றது இதுதான், கொட்டேஷனா படிக்காதீங்க, லெட்டர் முழுசா படிங்க.

நெகட்டிவ் கேப்பபிலிட்டினா என்ன?

இது கேக்காத ஆளே கிடையாது. 1817 டிசம்பர்ல ஜார்ஜுக்கும் டாமுக்கும் எழுதின லெட்டர்ல வருது. கிறிஸ்துமஸ் பான்டமைம், அதாவது பண்டிகை நேர வேடிக்கை நாடகம் பாத்துட்டு பிரவுனும் டில்க்கும் இவரும் பேசிக்கிட்டே வீட்டுக்கு நடந்து வர்றாங்க. டில்க் எந்த விஷயமா இருந்தாலும் ஒரு முடிவு கட்டாம விடமாட்டாரு. அவரோட பேசிக்கிட்டே வரும்போது கீட்ஸுக்கு பளிச்சுனு ஒண்ணு தோணுது. பெரிய படைப்பாளிகிட்ட, முக்கியமா ஷேக்ஸ்பியர்கிட்ட இருக்கற குணம் இதுதான்: புரியாத நிலைலயும் மர்மத்துலயும் சந்தேகத்துலயும் அப்படியே இருக்க முடியறது, உடனே காரணத்த பிடிச்சாகணும்னு எரிச்சலோட அலையாம இருக்க முடியறது. அவ்வளவுதான். அந்த சொல்ல அவரு எழுதினதுலயே இந்த ஒரே ஒரு இடத்துலதான் பயன்படுத்தியிருக்காரு. அதே லெட்டர்ல எட்மண்ட் கீன் திரும்ப மேடைக்கு வந்து மூன்றாம் ரிச்சர்டா நடிச்சத பாத்தேன்னும் எழுதறாரு, ஒரு ஓவியத்த பாத்துட்டு இதுல முத்தம் குடுக்கற மாதிரி ஒரு பொண்ணு முகம் கூட இல்லையேனு குறைப்படறாரு.

இன்னொரு விஷயம், அந்த லெட்டரோட ஒரிஜினல் இப்ப இல்ல. ஜார்ஜ் இறந்த பிறகு ஜார்ஜியானா கல்யாணம் பண்ணின ஜான் ஜெஃப்ரிங்கறவரு எடுத்த காப்பிதான் மிச்சம், அவரு காப்பி எடுக்கறதுல ரொம்ப அசால்ட்டான ஆளு, சில லெட்டர்ல பத்தி பத்தியா விட்டிருக்காரு. உலகம் பூரா மேற்கோள் காட்டற அந்த வரி அவரு கை வழியாதான் நம்மகிட்ட வந்திருக்கு, யோசிச்சா நெஞ்சு படபடங்குது.

போஸ்ட் எல்லாம் அப்ப எப்படி?

கவர் கிடையாது, எழுதின தாளையே மடிச்சு அரக்கு வச்சு ஒட்டி வெளிப்பக்கம் அட்ரஸ் எழுதுவாங்க. காசு பெரும்பாலும் வாங்கறவங்கதான் குடுக்கணும், தூரத்துக்கும் தாள் எண்ணிக்கைக்கும் ஏத்த மாதிரி கட்டணம் ஏறும். ஒரு பென்னி ஸ்டாம்ப் எல்லாம் 1840-ல வந்தது, இவரு போயி 19 வருஷம் கழிச்சு. அதனால தாள மிச்சம் பிடிக்க ஒரு பக்கம் எழுதி முடிச்சிட்டு தாள திருப்பி அதே எழுத்துக்கு குறுக்கால திரும்ப எழுதுவாங்க. இன்லேண்ட் லெட்டர்ல மடிக்கற ஓரத்துல கூட விடாம நுணுக்கி எழுதினத பாத்தவங்களுக்கு இது புரியும். 1818 மே 3-ல ரெனால்ட்ஸுக்கு எழுதறப்போ அப்படி குறுக்கால எழுத ஆரம்பிச்சு, இந்த கட்டம் போட்ட மாதிரி இருக்கறது பால்காரப் பொண்ண ஞாபகப்படுத்துது, பால்காரப் பொண்ணு ஹோகார்த் ஓவியத்த, ஹோகார்த் ஷேக்ஸ்பியரனு ஒண்ணுல இருந்து ஒண்ணு தாவிட்டு போறாரு. அதே லெட்டர்லதான் மனுஷ வாழ்க்கை நிறைய அறை இருக்கற பெரிய மாளிகை, இதுவரைக்கும் ரெண்டு அறைதான் எனக்கு தெரியும், மத்த கதவு எல்லாம் இன்னும் மூடியிருக்குனு அந்த பெரிய பகுதியும் வருது.

ஹாம்ஸ்டெட்ல அண்ணன் தம்பி மூணு பேரும் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரரு போஸ்ட்மேன்ங்கறது கூடுதல் தகவல்.

அமெரிக்காவுக்கு எழுதினது ரொம்ப நீளமா இருக்கே, ஏன்?

கப்பல்ல போகணும், மாசக்கணக்கு ஆகும், அதனால தினம் கொஞ்சம் கொஞ்சமா டைரி மாதிரி எழுதி சேத்து வச்சு அனுப்புவாரு. 1819 பிப்ரவரி 14-ல ஆரம்பிச்ச லெட்டர் மே 3-லதான் முடியுது. எனக்கு இருக்கறதுலயே பிடிச்சது இந்த ஒண்ணுதான், கொஞ்சம் விரிவா சொல்றேன்.

முதல் முறையா கிரிக்கெட் பேட் பிடிச்சு கண்ணுல அடி வாங்கினது இதுல இருக்கு. ஹாம்ஸ்டெட் பக்கம் நடந்து போறப்போ கவிஞர் கோல்ரிட்ஜ தற்செயலா சந்திச்சு ரெண்டு மைல் கூடவே நடந்தது இருக்கு, கோல்ரிட்ஜ் நைட்டிங்கேல் பறவைல ஆரம்பிச்சு கனவு, பேய்னு பேசிட்டே போனத லிஸ்ட் போட்டு எழுதியிருக்காரு. தீ அணையற நேரம், அதுக்கு முதுக காட்டிட்டு உக்காந்திருக்கேன், ஒரு கால் விரிப்பு மேல கொஞ்சம் கோணலா இருக்கு, இன்னொரு கால்ல குதிகால் லேசா தூக்கியிருக்குனு தான் எப்படி உக்காந்து எழுதறேங்கறத சொல்லிட்டு, என்னிக்கோ செத்துப் போன பெரிய மனுஷன் ஒருத்தர பத்தி இப்படி தெரிஞ்சா எவ்வளவு சந்தோஷமா இருக்கும், ஷேக்ஸ்பியர் ஹாம்லெட்டோட அந்த தனிமொழிய ஆரம்பிச்சப்போ எப்படி உக்காந்திருந்தாருனு தெரிஞ்சா எப்படி இருக்கும்னு கேக்கறாரு. நமக்கு இன்னிக்கு கீட்ஸ் எப்படி உக்காந்திருந்தாருனு தெரியுது. இந்த இடத்த படிக்கறப்போ ஒவ்வொரு தடவையும் புக்க மூடி வச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன்.

ஏப்ரல் 21-ம் தேதி பகுதில "லா பெல் டேம் சான்ஸ் மெர்சி" கவிதை முழுசா வருது, தனி அறிவிப்பு எதுவும் இல்லாம. அதுல நாலு முத்தம்னு வரும், ஏன் நாலுனு நீங்க கேப்பீங்க, ரெண்டு கண்ணுக்கும் சமமா பங்கு வரணும்ல, அதான் இரட்டைப்படைல வச்சேன்னு தம்பியையும் தம்பி பொண்டாட்டியையும் சிரிக்க வைக்கறாரு. அதே லெட்டர்லதான் உலகத்த கண்ணீர் பள்ளத்தாக்குனு சொல்றத ஏத்துக்க மாட்டேன், இது ஆன்மா உருவாகற பள்ளத்தாக்குனு சொல்றாரு. உலகம் ஒரு பள்ளிக்கூடம், மனுஷ இதயம் அங்க இருக்கற அரிச்சுவடி, அத படிக்க கத்துக்கிட்ட குழந்தைதான் ஆன்மா, இத்தன வலியும் துன்பமும் இல்லாம ஒரு அறிவு எப்படி ஆன்மாவா ஆகும்னு கேக்கறாரு. டாம் செத்து அஞ்சு மாசம் கூட ஆகல. எழுதறது டாமோட இன்னொரு அண்ணனுக்கு. இத தெரிஞ்சு படிக்கறதும் தெரியாம படிக்கறதும் ஒண்ணா?

இதுக்கு முந்தின அமெரிக்க லெட்டர்ல இன்னொரு ஏற்பாடு சொல்றாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பத்து மணிக்கு நான் ஷேக்ஸ்பியர்ல ஒரு பகுதி படிக்கறேன், நீங்களும் அதே நேரம் படிங்க, ஒரே ரூம்ல இருக்கற கண்ணு தெரியாதவங்க மாதிரி அவ்வளவு பக்கத்துல இருப்போம். தம்பி வெளிநாட்ல இருக்கற எல்லாருக்கும் இந்த வரி குத்தும்.

தங்கச்சிக்கு எழுதினது எப்படி இருக்கும்?

தங்கச்சி கார்டியன் வீட்ல இருந்தா, அந்தாளு அண்ணங்கள பாக்க சுலபத்துல விடமாட்டாரு. அதனால அந்த பொண்ணுக்கு வெளி உலகமே இந்த லெட்டர்தான். 1818 கோடைல பிரவுனோட ஸ்காட்லாந்து பூரா நடந்தே சுத்தினப்போ எழுதினது ஒண்ணு இருக்கு, அவளுக்காக வேடிக்கை பாட்டு கட்டி எழுதறாரு, பசி எப்படினா ஒரு ஹாம் முழுசா சாப்ட்டாலும் பத்தல, கோழி எல்லாம் குருவி மாதிரி தெரியுது, தூக்கம் எப்படினா மூக்க கால் கட்டைவிரலோட சேத்து தச்சு வளையம் மாதிரி ஊர் பூரா உருட்டினாலும் முழிக்க மாட்டேன்னு எழுதறாரு. 1819 மார்ச்ல அவ சர்ச் சடங்குக்கு தயாராகறப்போ சமயப் பாடக் கேள்விக்கு எல்லாம் நம்பர் போட்டு பதில் எழுதி அனுப்பியிருக்காரு. அவருக்கு அதுல பெருசா நம்பிக்கை கிடையாது, ஆனா தங்கச்சி கேட்டுட்டா.

ஃபேனி பிரானுக்கு எழுதின காதல் லெட்டர்ஸ் பத்தி?

முதல்ல கிடைக்கறது 1819 ஜூலைல வைட் தீவுல ஷாங்க்ளின்ல இருந்து எழுதினது. நாம ரெண்டு பேரும் பட்டாம்பூச்சியா இருந்து மூணே மூணு கோடை நாள் வாழ்ந்தா போதும், சாதாரண அம்பது வருஷத்துல கிடைக்காத சந்தோஷத்த அந்த மூணு நாள்ல வச்சிடுவேங்கற அந்த பிரபலமான வரி அந்த மாசத்ததுதான். அக்டோபர்ல காதல்தான் என் மதம், அதுக்காக சாவேன்னு எழுதறாரு.

1820 பிப்ரவரி 3 ராத்திரி இருமினப்போ ரத்தம் வந்துச்சு. டாக்டருக்கு படிச்சவரு, நிறத்த பாத்ததுமே இது தமனி ரத்தம், என் மரண வாரண்ட்னு சொன்னத பிரவுன் பதிவு பண்ணியிருக்காரு. அப்ப ஹாம்ஸ்டெட்ல ஃபேனி குடும்பம் ஒரு பாதிலயும் பிரவுனும் கீட்ஸும் இன்னொரு பாதிலயும் இருந்த ஒரே கட்டிடம், நடுவுல சுவர். பாத்துக்கிறதே குறைஞ்சு போயி அந்த சுவர் தாண்டி சின்னச் சின்ன சீட்டா எழுதறாரு. செத்துட்டா அழியாத படைப்புனு எதையும் விட்டுட்டு போகல, ஆனா எல்லாத்துலயும் இருக்கற அழக நேசிச்சிருக்கேன், நேரம் மட்டும் இருந்திருந்தா என்னை ஞாபகம் வச்சுக்கற மாதிரி செஞ்சிருப்பேன்னு அதுல ஒரு சீட்டுல வருது.

சில லெட்டர்ல சந்தேகப்படற மாதிரி, மிரட்டற மாதிரி இருக்கே?

ஆமா, இருக்கு. 1820 நடுவுல எழுதினது சிலது படிக்கவே கஷ்டமா இருக்கும். நீ பார்ட்டிக்கு போகாத, சிரிக்காத, நான் இல்லாம சந்தோஷமா இருக்காதங்கற மாதிரி போகும், பிரவுன் கூட பேசினதுக்கு எல்லாம் குத்திக் காட்டறாரு. நோய் முத்தியிருக்கு, காசு இல்ல, கல்யாணம் நடக்காதுனு தெரிஞ்சிடுச்சு, எல்லாம் உண்மை. இருந்தாலும் அத வாங்கிப் படிச்ச 19 வயசு பொண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிக்கணும். இதையும் தெய்வீகக் காதல்னு எழுதறவங்க மேல எனக்கு கோவம் வரும். கீட்ஸ நேசிக்கறதுக்கு அவரு பண்ணின தப்ப அழகாக்க வேண்டிய அவசியம் இல்ல.

ஃபேனி எழுதின பதில் லெட்டர்ஸ் எங்க?

ஒண்ணு கூட இல்ல. அதனால நமக்கு கேக்கறது ஒரு பக்க குரல் மட்டும்தான், போன்ல பக்கத்து ஆளு பேசறது மட்டும் காதுல விழற மாதிரி. கடைசியா ரோமுக்கு அவங்க எழுதினத கீட்ஸ் பிரிக்கவே இல்ல, பிரிச்சு படிக்கற தெம்பு அவருக்கு இல்ல, தன்னோட சேத்து புதைக்க சொல்லிட்டாரு, அப்படியே புதைச்சாங்க.

இந்த காதல் லெட்டர்ஸ் வெளிய வந்தது எப்படி? சண்டை எல்லாம் நடந்ததாமே?

1848-ல மில்ன்ஸ் எழுதின கீட்ஸ் வாழ்க்கை வரலாற்றுலதான் லெட்டர்ஸ் முதல் தடவையா பெரிய அளவுல வந்தது, ஆனா ஃபேனிக்கு எழுதினது அதுல இல்ல. ஃபேனி 1833-ல வேற ஒருத்தர கல்யாணம் பண்ணி, லெட்டர்ஸ பத்திரமா வச்சிருந்து, 1865-ல இறந்தாங்க. அவங்க பிள்ளைங்க கைக்கு போனதும் 1878-ல பக்ஸ்டன் ஃபோர்மன் அத புக்கா போட்டாரு. விக்டோரியா காலத்து ஆளுங்களுக்கு பயங்கர ஷாக். விமர்சகர் மேத்யூ ஆர்னால்ட் இது வைத்தியர்கிட்ட எடுபிடியா இருந்த பையன் எழுதற காதல் கடிதம்ங்கற மாதிரி எழுதினாரு. 1885-ல லெட்டர்ஸ ஏலம் விட்டாங்க, ஆஸ்கர் வைல்ட் மனசு உடைஞ்சு அத பத்தியே ஒரு சானெட் எழுதினாரு. 1891-ல சிட்னி கால்வின் போட்ட எடிஷன்ல வேணும்னே இந்த லெட்டர்ஸ மொத்தமா விட்டுட்டாரு.

இதுல ரொம்ப அடி வாங்கினது ஃபேனி பிரான்தான். கவிஞர புரிஞ்சுக்காத ஊர்சுத்தி பொண்ணுனு அம்பது வருஷத்துக்கு மேல திட்டினாங்க, பதில் சொல்ல அவங்க எழுத்து எதுவும் வெளிய இல்ல. 1936-ல அவங்க கீட்ஸோட தங்கச்சிக்கு எழுதின லெட்டர்ஸ் புக்கா வந்தப்போதான் எவ்வளவு தெளிவான, அன்பான, புத்திசாலியான பொண்ணுனு தெரிஞ்சது. கீட்ஸ் இத்தாலி போறதுக்கு முன்னாடி தங்கச்சிக்கு எழுதுனு கேட்டுக்கிட்டாரு, அவரு செத்தும் வருஷக்கணக்கா எழுதியிருக்காங்க.

விமர்சனம் கொன்னுடுச்சுனு சொல்றாங்களே?

இல்ல, கொன்னது டிபி. 1818-ல பிளாக்வுட்ஸ், குவார்ட்டர்லி ரெண்டு பத்திரிகையும் கேவலமா எழுதினது நிஜம். ஆனா அந்த அக்டோபர்ல அவரே எழுதினத பாருங்க: பெரியவங்க வரிசைல இல்லாம போறதுக்கு தோத்தே போகலாம்னு பப்ளிஷருக்கு எழுதறாரு, செத்ததுக்கப்புறம் இங்கிலீஷ் கவிஞர்கள் வரிசைல இருப்பேன்னு நினைக்கறேன்னு ஜார்ஜுக்கு எழுதறாரு. நொறுங்கிப் போனவன் எழுதற எழுத்தா இது?

ஷெல்லிக்கு அட்வைஸ் பண்ணாராமே?

ஆமா, 1820 ஆகஸ்ட்ல. இன்னொரு இங்கிலீஷ் கவிஞரான ஷெல்லி, உடம்பு சரியில்லாத கீட்ஸ இத்தாலிக்கு வந்து தங்கள் வீட்ல இருங்கனு கூப்பிட்டு எழுதினாரு. கீட்ஸ் நன்றி சொல்லிட்டு, கொஞ்சம் பெருந்தன்மைய குறைச்சிட்டு கலைஞனா இருங்க, பாறையோட ஒவ்வொரு பிளவுலயும் தாது நிரப்பற மாதிரி எழுதுங்கனு சொல்லியிருக்காரு.

கடைசி லெட்டர் எது?

1820 நவம்பர் 30, ரோம்ல இருந்து பிரவுனுக்கு. என் நிஜ வாழ்க்கை முடிஞ்சு போச்சு, இப்ப செத்ததுக்கு அப்புறமான ஒரு வாழ்க்கைய ஓட்டிட்டு இருக்கேன்னு எழுதறாரு. ஒரு மாசம் முன்னாடி நேப்பிள்ஸ்ல இருந்து எழுதினது இன்னும் கொடுமை, ஃபேனி என் பயணத் தொப்பிக்குள்ள வச்சு தச்ச பட்டுத் துணி தலைய சுடுதுனு எழுதியிருப்பாரு. ஆனா கடைசி லெட்டர் முடியறது மரியாதையா, லெட்டர்ல கூட உங்ககிட்ட விடை சொல்ல முடியல, நான் எப்பவுமே குனிஞ்சு வணக்கம் வச்சா அசிங்கமாத்தான் வைப்பேன்னு சொல்லி முடிக்கறாரு. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட மூணு மாசம் உயிரோட இருந்தாரு, கூட இருந்த ஓவியர் செவர்ன் எழுதின லெட்டர்ஸ்லதான் அந்த நாட்கள் இருக்கு. கல்லறைல பேரு போட வேண்டாம், தண்ணில பேரு எழுதப்பட்டவன் இங்க கிடக்கான்னு மட்டும் போடுங்கனு கேட்டாரு. நீர்மேல் எழுத்துனு நம்ம மொழில சொல்றோமே, அதேதான்.

எந்த எடிஷன் வாங்கலாம்?

முழுசா வேணும்னா ஹைடர் ரோலின்ஸ் 1958-ல ஹார்வர்ட் மூலமா கொண்டு வந்த ரெண்டு வால்யூம். விலை அதிகம், லைப்ரரில பாருங்க. கையடக்கமா வேணும்னா ராபர்ட் கிட்டிங்ஸ் தேர்ந்தெடுத்தது. ரெண்டுலயும் கீட்ஸோட எழுத்துப் பிழை, இஷ்டத்துக்கு போட்ட பெரிய எழுத்து, புள்ளி இல்லாம ஓடற கோடு எல்லாம் அப்படியே இருக்கும். முதல் பத்து பக்கம் தடுமாறும், அப்புறம் பழகிடும்.

எந்த லெட்டர்ல ஆரம்பிக்கலாம்?

1819 செப்டம்பர், வின்செஸ்டர்ல இருந்து எழுதினது. 21-ம் தேதி ரெனால்ட்ஸுக்கு எழுதறப்போ, அறுத்த வயல் இவ்வளவு பிடிச்சதே இல்ல, வசந்தத்தோட குளிர்ந்த பச்சைய விட இது நல்லா இருக்கு, சில ஓவியம் கதகதப்பா தெரியற மாதிரி இந்த கட்டாந்தரையும் கதகதப்பா தெரியுது, ஞாயித்துக்கிழமை நடந்து போறப்போ அது மனசுல தச்சதுல ஒண்ணு எழுதினேன்னு சொல்றாரு. அந்த "ஒண்ணு" எதுனா, இலையுதிர் காலத்த பத்தின அந்த பாட்டு. மறுநாள் டில்க்குக்கு எழுதறப்போ ஒரு கைல பேனா, இன்னொரு கைல நெக்டரின் பழம், கடிச்சதும் மெதுவா கூழா சாறா தொண்டைல இறங்குது, கடவுளே என்ன ருசினு எழுதறாரு.